கிட்டார் ஏன் சொட்டுகிறது?

குவென்டின் டாரன்டினோவின் 'பல்ப் ஃபிக்‌ஷன்' 1994இல் வந்தது. படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது ஒரு கிட்டார் பாய்ந்து வருமே, அதைப் படம் பார்க்காதவர்கள்கூட எங்கேயாவது கேட்டிருப்பார்கள். டிக் டேல் என்ற கிட்டார்க்காரர் 1962இல் வாசித்த 'மிசர்லூ' அது. இந்த வகை வாத்திய இசைக்கு சர்ஃப் இசை என்று பெயர். 1960களின் தொடக்கத்தில், தென் கலிஃபோர்னியக் கடற்கரையில் பகலெல்லாம் அலைச்சறுக்குப் பலகையோடு கிடந்த இளைஞர்கள் இரவில் ஆடிய நடனக் கூடங்களில் பிறந்தது. பாட்டு இருக்காது. கிட்டார்தான் எல்லாம்.

இந்த இசையைக் கொஞ்சம் கூர்ந்து கேட்டால் ஒன்று பிடிபடும். கிட்டார் நனைந்திருக்கிறது. ஒவ்வொரு மீட்டலின் வாலிலும் 'ப்ளுக்' என்று ஏதோ சொட்டுகிறது. இது கேட்பவரின் கற்பனை இல்லை. வாசிப்பவர்களும் இதை ஈரம், சொட்டு என்றுதான் சொல்கிறார்கள். 'இன்னும் ஈரமாக வை' என்று ஒரு சர்ஃப் கிட்டார்க்காரர் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் எந்தக் குமிழைத் திருப்ப வேண்டும் என்று யோசிக்கமாட்டார்.

கடற்கரை இசை, அதனால் நமக்குத் தண்ணீர் நினைப்பு வருகிறது என்று ஒதுக்கிவிடலாமா? முடியாது. 1963இல் 'பாஹா' என்ற இசைத்துண்டை வெளியிட்ட ஆஸ்ட்ரநாட்ஸ் குழு கொலராடோ மாநிலத்தின் பவுல்டர் நகரைச் சேர்ந்தது. ராக்கி மலையடிவாரம், கடல்மட்டத்துக்கு 1,600 மீட்டர் மேலே. எந்தக் கடலுக்குப் போவதென்றாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம். அந்தக் காலத்து சர்ஃப் பதிவுகளில் மிகவும் நனைந்தவை எவை என்று ரசிகர்களைக் கேட்டால் பட்டியலில் 'பாஹா' கட்டாயம் இருக்கும். பின்னால் வந்தவர்களின் ஊர்களும் இப்படித்தான். மேன் ஆர் ஆஸ்ட்ரோமேன் குழு அலபாமாவின் ஆபர்னில் உருவானது. லாஸ் ஸ்ட்ரெய்ட்ஜாக்கெட்ஸ் நாஷ்வில்காரர்கள். பாம்பி மொலஸ்டர்ஸ் குரோவேஷியாவில் சிசாக் என்ற உள்நாட்டு நகரத்துக் குழு. அலையைக் காணாத ஊர்களிலிருந்து அலையின் ஒலி வருகிறது. அப்படியானால் தண்ணீர் எங்கே இருக்கிறது?

சுமார் 43 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் உலோகப் பெட்டிக்குள், இரண்டு சுருள்வில்களில் இருக்கிறது. அதை விளக்க, முதலில் ஒரு வகுப்பறைக்குப் போக வேண்டும்.

1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறையில் ஆசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல்லைச் சொன்னால் அது அடங்க ஐந்தரை நொடி ஆயிற்று. அதற்குள் அடுத்த பத்து, பதினைந்து சொற்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். இதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவரிடம் இருந்த கருவிகள் நொடிக்கு 512 முறை அதிரும் ஓர் ஆர்கன் குழல், ஒரு நிறுத்துக் கடிகாரம், தன் காது. பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அறையில் பரப்புவார். குழலை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை அளப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைப்பார். இப்படிப் பல இரவுகள். அறை பெரிதானால் ஒலி நீடிக்கும், உறிஞ்சும் பரப்பு கூடினால் சீக்கிரம் அடங்கும் என்ற கணக்கு அந்த இரவுகளில் கிடைத்தது. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால் அந்தக் கணக்கை வைத்துக் கட்டப்பட்டது.

இப்படி ஒலி நின்ற பிறகும் அறை அதைக் கொஞ்சம் வைத்திருப்பதை எதிர்முழக்கம் என்கிறோம். இசைக்காரர்கள் ரிவெர்ப் என்பார்கள். எதிரொலி வேறு. மலை முன்னால் நின்று கத்தினால் நம் குரல் தனியாகத் திரும்பி வரும், அது எதிரொலி. அறையில் சுவர், கூரை, தூண், தரை என்று ஆயிரம் இடங்களில் பட்டு ஆயிரம் நேரத்தில் திரும்புவதால் எதையும் தனியாகப் பிரிக்க முடியாது. எல்லாம் சேர்ந்து ஒரே முழக்கமாகக் கேட்கும். கோயில் மண்டபத்தில் நாதஸ்வரம் கனமாகக் கேட்பதற்கு இதுதான் காரணம். வெட்டவெளியில் அதே நாதஸ்வரம் மெலிந்துவிடும்.

இதில் நாம் பொதுவாகக் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. காற்றில் தாழ்ந்த சுரத்தின் கனத்த ஒலி, உயர்ந்த சுரத்தின் மெல்லிய ஒலி எல்லாம் ஒரே வேகத்தில்தான் போகின்றன, நொடிக்குச் சுமார் 340 மீட்டர். அப்படி இல்லாவிட்டால் கச்சேரியில் கடைசி வரிசைக்காரருக்கு வயலின் ஒரு தாளத்திலும் மிருதங்கம் இன்னொரு தாளத்திலும் வந்து சேரும். காற்று எல்லாவற்றையும் சேர்த்தே கொண்டுவருகிறது என்பதால்தான் கச்சேரி என்ற ஒன்றே சாத்தியமாகிறது.

இனி பெட்டிக்கு வருவோம். 1935இல் லாரன்ஸ் ஹாமண்ட் மின்சார ஆர்கன் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தேவாலயத்தின் குழல் ஆர்கனுக்குப் பதிலாக விற்கப்பட்ட கருவி அது. வாங்கியவர்கள் அதைத் தாழ்ந்த கூரையும் கம்பளமும் உள்ள சிறிய இடங்களில் வைத்தார்கள். அங்கே எதிர்முழக்கம் ஏது? ஆர்கன் வறண்டு கேட்டது. மண்டபத்தைக் கருவியோடு சேர்த்து விற்க முடியாதே என்ற நெருக்கடியில் ஹாமண்டுக்கு அகப்பட்டது பெல் ஆய்வுக்கூடத்தின் ஒரு பழைய கருவி. நெடுந்தொலைவுத் தொலைபேசிக் கம்பிகளில் பேச்சு எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேரும், பேசியவர் காதிலேயே அது எப்படித் திரும்பி விழும் என்பதை ஆய்வறைக்குள்ளேயே சோதித்துப் பார்க்க அங்கிருந்த பொறியாளர்கள் சுருள்வில்களைப் பயன்படுத்தியிருந்தார்கள். நூற்றுக்கணக்கான மைல் கம்பியை இழுப்பதற்குப் பதில் ஒரு ஸ்பிரிங். ஹாமண்ட் அதைத் தன் ஆர்கனுக்கு ஏற்றபடி மாற்றினார். அவருடைய நிறுவனம் பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி, 1960ஐ ஒட்டி இன்றும் நாம் பார்க்கும் கையடக்க வடிவத்துக்குக் கொண்டுவந்தது.

பெட்டியைத் திறந்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. வெளியே ஓர் உலோகத் தட்டு. அதற்குள் இன்னொரு சட்டம், நான்கு மூலைகளிலும் குட்டி ஸ்பிரிங்குகளில் தொங்கும். தரையின் அதிர்ச்சி உள்ளே போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டு நீளமான சுருள்வில்கள். கம்பியின் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, சுருளின் அகலம் சுமார் 5 மில்லிமீட்டர். பிரித்து நேராக்கினால் ஒவ்வொன்றும் சில மீட்டர் நீளும். ஒவ்வொரு சுருள்வில்லின் இரு நுனிகளிலும் சிறிய உருளைக் காந்தம் ஒன்று, செப்புக்கம்பி சுற்றிய இரும்புத் துண்டின் இடைவெளியில் உட்கார்ந்திருக்கும். கிட்டாரிலிருந்து வரும் மின்னோட்டம் இந்தப் பக்கத்துச் சுற்றில் பாய்ந்தால் காந்தம் இப்படியும் அப்படியும் முறுகும். அந்த முறுக்கல் சுருள்வில் வழியாக ஓடி அந்தப் பக்கத்துக் காந்தத்தை ஆட்டும். அது அங்கே மீண்டும் மின்னோட்டமாகும். நுனியில் மோதிய அலை அங்கேயே அடங்குவதில்லை. திரும்பி ஓடி, மறுபடி வந்து, இரண்டு மூன்று நொடிகள் அலைந்து தேயும். இரண்டு சுருள்வில்களும் ஒரே மாதிரி இருந்தால் தனித்தனி எதிரொலியாகக் கேட்டுவிடும் என்று கொஞ்சம் வேறுபடுத்தி வைத்திருப்பார்கள். ஒன்றில் அலை மறுமுனை சேரச் சுமார் 33 மில்லிநொடி, மற்றதில் சுமார் 41.

கைப்பிடிக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். சுருள்வில்லின் நீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர், அதைக் கடக்க 33 மில்லிநொடி என்றால் வேகம் நொடிக்குச் சுமார் 10 மீட்டர். ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓடுபவரின் வேகம். நேரான எஃகுக் கம்பியில் நொடிக்கு ஐயாயிரம் மீட்டர் பறக்கக்கூடிய ஒலியைச் சுருட்டிய கம்பி மனித ஓட்டத்துக்கு இழுத்துப் பிடித்துவிடுகிறது. காற்றில் 11 மீட்டர் கடக்க ஆகும் நேரம் முழங்கை நீளப் பெட்டிக்குள் அடங்கியது இப்படித்தான். மண்டபத்தை மடித்து வைத்தாயிற்று என்று பொறியாளர்கள் மகிழ்ந்திருக்கலாம்.

ஆனால் சுருள்வில் மண்டபத்தைச் சரியாகப் பாவிக்கவில்லை. காற்று செய்யும் அந்த ஒரு காரியத்தை அது செய்வதில்லை. எல்லா அதிர்வெண்ணையும் சேர்த்துக் கொண்டுவருவதில்லை.

பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் எல்லாரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் புறப்படுகிறார்கள். பத்து கிலோமீட்டர் தாண்டியதும் நடையாளிகள் முன்னால், முழங்கால் வலிக்காரர்கள் பின்னால். அடுத்த சத்திரத்தில் நிற்பவருக்குக் கூட்டம் கூட்டமாகவே வந்து சேராது; வேகத்தின்படி வரிசையாக வரும். தூரம் கூடக்கூட வரிசை நீளும். ஒரு கிட்டார் மீட்டல் என்பது ஒற்றை ஒலி இல்லை. அதில் கனத்த அதிர்வெண்ணும் மெல்லிய அதிர்வெண்ணும் ஒரே கணத்தில் புறப்படுகின்றன. சுருள்வில்லில் கனத்தவை முந்துகின்றன, மெல்லியவை பிந்துகின்றன. வேகத்தால் பிரியும் இந்தப் பிரிகைதான் கதையின் திருப்பம். சட்டென்று உள்ளே போன 'டக்', வெளியே வரும்போது கீழிருந்து மேலே ஏறும் ஒரு சின்னக் கீற்றாகிறது: 'ட்யுவிக்'. முதல் தடவை அது சுருள்வில்லின் நீளத்தை ஒருமுறைதான் கடந்திருக்கும். திரும்பிப் போய் மறுபடி வரும்போது மூன்று நீளம், அடுத்தது ஐந்து நீளம். ஒவ்வொரு திரும்பலிலும் கீற்று இன்னும் இழுபட்டு, மற்ற சுருள்வில்லின் கீற்றோடு கலந்து கடைசியில் ஒரு கலங்கலாகிறது.

ஏன் மெல்லிய ஒலி பிந்த வேண்டும்? கனத்த ஒலிக்கு அலைநீளம் பெரிது. ஒரே அலை பல சுற்றுகளைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும், அதற்குச் சுருள் என்பதே தெரியாது. அதிர்வெண் ஏற ஏற அலை சுருங்கி ஒரே ஒரு சுற்றின் அளவை நெருங்குகிறது. அப்போது கம்பியின் ஒவ்வொரு வளைவும் அதற்குத் தடையாகிறது. இந்தப் பெட்டிகளில் நொடிக்குச் சுமார் 4,000 அதிர்வு என்ற இடத்தில் அலை மிகவும் தயங்குகிறது. அதைத் தாண்டினால் நிலைமை தலைகீழ். அலை அவ்வளவு சிறியதாகிவிடுவதால் கம்பி நேராக இருந்தாலும் சுருண்டிருந்தாலும் அதற்கு ஒன்றுதான். விறைப்பான நேர்கம்பியின் விதி வந்துவிடுகிறது. அந்த விதியில் மெல்லியவைதான் முந்தும்.

இந்த இரண்டாவது விதியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். 'ஸ்டார் வார்ஸ்' படத்துத் துப்பாக்கியின் 'ப்யூவ்' ஒலியை உருவாக்கிய பென் பர்ட், வானொலிக் கோபுரத்தைத் தாங்கும் இழுகம்பியைச் சுத்தியால் தட்டித்தான் அதைப் பிடித்தார். அங்கே மெல்லியவை முதலில் வந்து கனத்தவை பின்னால் வருவதால் ஒலி மேலிருந்து கீழே சரிகிறது. படிக்கட்டில் தானே இறங்கும் ஸ்லிங்கி என்ற பொம்மைச் சுருளைத் தொங்கவிட்டு, மேல் நுனியில் ஒரு காகிதக் குவளையை ஒட்டித் தட்டினாலும் அதே 'ப்யூவ்'. சுருளாக இருந்தும் நேர்கம்பி மாதிரி நடந்துகொள்வதற்குக் காரணம், அதன் ஒவ்வொரு சுற்றும் அவ்வளவு பெரிது; நம் காதுக்கு எட்டும் ஏறக்குறைய எல்லா அதிர்வெண்ணும் அதற்கு 'தாண்டிய' பக்கத்தில் விழுந்துவிடுகின்றன. விண்வெளித் துப்பாக்கி கீழே சரியும், சர்ஃப் கிட்டார் மேலே ஏறும். இரண்டும் ஒரே இயற்பியலின் இரு முகங்கள்.

இதெல்லாம் காதால் ஊகித்ததா என்றால் இல்லை. பெட்டிக்குள் ஒரே ஒரு கூர்மையான சொடுக்கை அனுப்பி, வெளியே வருவதைப் பதிவுசெய்து, ஒலிமாலையாக வரைந்து பார்க்கலாம். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் அதிர்வெண், எங்கே வலிமையோ அங்கே கறுப்பு. நல்ல மண்டபத்தில் சொடுக்கு செங்குத்துக் கோடாகத் தொடங்கும். சுருள்வில்லில் கோடு வளைந்து வலப்புறம் சாயும். 4,000ஐ நெருங்கும்போது ஏறக்குறையப் படுத்தேவிடும். அடுத்தடுத்த கோடுகள் இன்னும் அதிகமாகச் சாயும். சுருள்கம்பியில் அலை எப்படிப் போகும் என்ற கணிதத்தை விட்ரிக் என்ற பொறியாளர் 1966இலேயே எழுதிவைத்திருந்தார். ஜூலியன் பார்க்கர், ஸ்டெஃபான் பில்பாவ் இருவரும் 2009இல் அந்த வகைக் கணிதத்தை ரிவெர்ப் சுருள்வில்களுக்குப் பொருத்தினார்கள். அளந்த வளைவும் கணக்கிட்ட வளைவும் ஒத்துப்போயின.

சரி, ஏறும் கீற்று எதற்காகத் தண்ணீராகக் கேட்க வேண்டும்?

தண்ணீர் சொட்டும்போது ஒலிப்பது தண்ணீர் இல்லை, காற்று. துளி விழுந்த இடத்தில் ஒரு குழி விழுந்து மூடும். மூடும்போது குழியின் அடியில் ஒரு சிறு காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டு துடிக்கும். அந்தத் துடிப்பின் சுரத்தை 1933இல் மார்செல் மின்னார்ட் கணக்கிட்டார்: ஒரு மில்லிமீட்டர் ஆரக் குமிழிக்கு நொடிக்குச் சுமார் 3,000 அதிர்வு, குமிழி பெரிதானால் சுரம் தாழும். 2018இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அனுராக் அகர்வாலும் மாணவர்களும் அதிவேகக் கேமராவையும் நீருக்கடி ஒலிவாங்கியையும் வைத்து, குமிழியின் துடிப்பு நீர்ப்பரப்பையே ஆட்டுவதால்தான் 'ப்ளிங்க்' வெளியே கேட்கிறது என்று காட்டினார்கள். பிரேசிலில் ஒரு நண்பர் வீட்டுக் கூரை ஒழுகி, அடியில் வைத்த வாளியில் இரவு முழுவதும் சொட்டிய சத்தத்தில் தூக்கம் கெட்டதுதான் அகர்வாலுக்கு அந்த ஆய்வு யோசனையைத் தந்தது. வாளியில் கொஞ்சம் பாத்திரம் துலக்கும் திரவம் விட்டால் சத்தம் நின்றுவிடும் என்பதும் அவர்களுடைய கண்டுபிடிப்பு.

குமிழிக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அது மேற்பரப்பை நெருங்க நெருங்க, அதைச் சுற்றித் தள்ளப்பட வேண்டிய நீரின் கனம் குறைவதால் துடிப்பு வேகமாகும். அதாவது சுரம் மேலே ஏறும். சில நூறிலிருந்து சில ஆயிரம் வரையிலான அதிர்வெண்களில், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மேலே ஏறி முடியும் ஒலி எங்கே கேட்டாலும் நம் காது குமிழியைத் தேடுகிறது. சுருள்வில்லின் கீற்று அதே எல்லைக்குள், அதே திசையில், ஏறக்குறைய அதே விரைவில் ஏறுகிறது. கிட்டார் சொட்டுவதற்குக் காரணம் இந்த ஒற்றுமைதான் என்பது என் கணிப்பு. கடலின் பெயர் இல்லாமல் இந்த இசை வந்திருந்தாலும் யாராவது ஒருவர் அதை ஈரம் என்று சொல்லியிருப்பார்.

இந்தப் பெட்டியைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தவர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் கிட்டாரும் ஆம்ப்ளிஃபையரும் செய்துகொண்டிருந்த லியோ ஃபெண்டர். ஹாமண்டின் சுருள்வில் பெட்டியை வாங்கி, வெற்றிடக் குழாய் வால்வுகளோடு சேர்த்து, 1961இல் தனிப்பெட்டியாக விற்றார். டிக் டேல் முதலில் அதைக் கேட்டது தன் குரலுக்காகத்தான். பாடும்போது குரல் வறண்டு நிற்கிறது என்பது அவர் குறை. கிட்டாருக்கு அது பிறகுதான் போனது. இதில் வேடிக்கை என்னவென்றால் சர்ஃப் இசையின் முதல் பதிவு என்று பலரும் சொல்லும் அவருடைய 'லெட்ஸ் கோ டிரிப்பின்' 1961இல் வந்தது. அதில் சொட்டே கிடையாது. முழுக்கக் காய்ந்த கிட்டார். சாண்டா ஆனா நகரத்துப் பள்ளிப் பையன்களான ஷாண்டேஸ் குழுவின் 'பைப்லைன்' 1963இல் விற்பனைப் பட்டியல்களில் ஏறியபோது ஈரம் இல்லாத சர்ஃப் இசையை யாரும் கேட்கத் தயாராக இல்லை.

ஃபெண்டர் பெட்டியில் மூன்று குமிழ்கள்: டுவெல், மிக்ஸர், டோன். மிக்ஸர் எவ்வளவு ஈரம் கலக்கலாம் என்பதற்கு. டோன் அதன் பளபளப்புக்கு. உண்மையான விளையாட்டு டுவெல்லில். சுருள்வில்லை எவ்வளவு பலமாக அடிக்கலாம் என்பதை அது தீர்மானிக்கும். 1963 முதல் ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே ரிவெர்ப் வைத்து விற்றபோது இந்தக் குமிழை விட்டுவிட்டார்கள். சர்ஃப் வாசிப்பவர்கள் இன்றைக்கும் தனிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவது இந்த ஒரு குமிழுக்காக.

கருவி மட்டும் இருந்தால் சொட்டு வராது, அதற்கேற்ற வாசிப்பும் வேண்டும். நீண்ட சுரம் ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைந்துபோகும். கீற்று தனியாகக் கேட்க உள்ளே போகும் ஒலி குறுகியதாகவும் எல்லா அதிர்வெண்ணும் கலந்ததாகவும் இருக்க வேண்டும். அதனால் வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகள் முடியும் பாலத்தில் லேசாக வைத்து, தந்தியை அமுக்கிக்கொண்டே மீட்டுவார்கள். 'டக் டக் டக்' என்று கட்டையாக வரும் அந்த அடி ஒவ்வொன்றுக்கும் பெட்டி ஒரு சொட்டைத் திருப்பிக் கொடுக்கும். டேல் இதற்கு மேலும் போனார். அவருடைய முதல் தந்தியின் தடிமன் 0.4 மில்லிமீட்டர், இன்று பலர் போடுவது 0.25. அதே சுரத்துக்கு அதை முறுக்க இரண்டரை மடங்கு இழுவிசை வேண்டும். அந்தத் தந்தியை நொடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட தடவை மேலும் கீழுமாக மீட்டினார். அவருடைய அடியில் ஒலிபெருக்கிகள் கிழிந்தும் எரிந்தும் போனதால், ஃபெண்டர் அவருக்காகவே 15 அங்குல ஒலிபெருக்கி கொண்ட ஷோமேன் ஆம்ப்ளிஃபையரை உருவாக்க வேண்டி வந்தது.

அந்த இடைவிடாத மீட்டலும் கடலிலிருந்து வந்ததில்லை. டேலின் தந்தைவழி லெபனானைச் சேர்ந்தது. சிறுவயதில் அவர் கேட்டது ஊத் வாத்தியம். மீட்டிய தந்தி சட்டென்று அடங்கிவிடும் என்பதால் ஊத் வாசிப்பவர்கள் ஒரே சுரத்தை விடாமல் மீட்டி நீட்டுவார்கள். 'மிசர்லூ' கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்து மெட்டு, 1927இலேயே கிரேக்க மொழியில் பதிவானது. நம் வாசகர்களுக்கு அதில் ஓர் உறவும் இருக்கிறது. அதன் ஏழு சுரங்களும் கர்நாடக சங்கீதத்தின் 15ஆவது மேளம், சரளி வரிசையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் மாயாமாளவகௌளையின் சுரங்கள்தாம். கமகம் வேறு, நடை வேறு, ராகமாகப் பாவிக்க முடியாது. ஆனாலும் பாட்டு வகுப்புக்குப் போன காதுக்கு 'மிசர்லூ' அந்நியமாகப் படாததற்கு அது காரணமாக இருக்கலாம்.

1964இல் பீட்டில்ஸ் அமெரிக்கா வந்ததும் இந்த இசை அங்கே சட்டென்று ஓய்ந்தது. ஜப்பானில் ஓயவில்லை, தகேஷி தெராவுச்சி 1967இல் பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனியை இதே கிட்டாரில் வாசித்து ஒரு தொகுப்பே வெளியிட்டார். மேற்கில் 1980களின் கடைசியிலிருந்து மறுபடி குழுக்கள் முளைத்தன. அவர்களில் பலர் 1963ஐ அப்படியே பாதுகாப்பதில் திருப்தி அடைகிறார்கள். அதில் குற்றமில்லை, எனக்கு அலுத்துவிடுகிறது. சுருள்வில்லின் கோளாறை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று பார்ப்பவர்கள்தான் சுவாரஸ்யமானவர்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் மெர்மென் குழு வேகத்தைப் பாதியாக்கி, சிதைந்த கிட்டார் ஒலியைச் சுருள்வில்லுக்குள் அனுப்பியது. 1995இல் வந்த அவர்களுடைய 'எ குளோரியஸ் லீதல் யூஃபோரியா' தொகுப்பில் சொட்டு சொட்டாக இல்லாமல் பெரும் நீராகவே கிட்டார் புரளும். மேன் ஆர் ஆஸ்ட்ரோமேன் விண்வெளியைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய அறிவியல் புனைகதைப் படங்களின் வசனத் துணுக்கு, தெரமின் என்ற மின்னணு வாத்தியம், மேடையில் மின்பொறி தெறிக்கும் டெஸ்லா சுருள். அவர்களுடைய 2000ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஓர் இசைத்துண்டை வாசிப்பது ஆப்பிள் நிறுவனத்தின் இமேஜ்ரைட்டர் என்ற பழைய புள்ளி அச்சுப்பொறி. அலைச்சறுக்கிலிருந்து விண்கலத்துக்கு இவ்வளவு எளிதாகத் தாவ முடிந்தது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். கம்பியில் அதிர்வெண்கள் பிரியும் அதே வித்தையிலிருந்துதான் விண்வெளித் துப்பாக்கியும் வந்தது.

பெட்டியை உதைப்பதும் ஒரு வாசிப்புதான். காலால் ஒரு தட்டு தட்டினால் சுருள்வில்கள் குலுங்கி, ஒன்றோடொன்றும் சட்டத்தோடும் மோதி, கூடமே அதிரும்படி இடி இடிக்கும். தரையதிர்ச்சி உள்ளே போகக் கூடாது என்று நான்கு மூலைகளில் தொங்கவிட்ட பொறியாளர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ.

கணினியில் மண்டபத்தின் எதிர்முழக்கத்தைப் போலச்செய்வது இன்று எளிது. சுருள்வில்லைப் போலச்செய்வதுதான் பெரும்பாடாக இருந்தது. 2006இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜொனதன் ஏபலும் மற்றவர்களும் ஒரு வழி காட்டினார்கள்: எந்த அதிர்வெண்ணின் வலிமையையும் தொடாமல், ஒவ்வொன்றையும் வெவ்வேறு அளவு தாமதப்படுத்த மட்டும் செய்யும் வடிகட்டிகளை வரிசையாகக் கோப்பது. 2010இல் ஏபல், பார்க்கர், ஃபின்லாந்தின் வேசா வலிமாகி மூவரும் அதைச் சாதாரணக் கணினியிலேயே ஓடும் அளவுக்குச் சுருக்கினார்கள். அமைதியாக வாசிக்கும்போது இந்த மென்பொருள்களுக்கும் பெட்டிக்கும் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. டுவெல்லை முழுக்கத் திருப்பினால் தெரிகிறது. உள்ளீட்டை இரண்டு மடங்காக்கினால் வெளியீடும் சரியாக இரண்டு மடங்காகும் என்ற ஒழுங்கு அங்கே உடைகிறது. வால்வு திணறுகிறது, காந்தம் எல்லைவரை முறுகுகிறது, சுருள்வில் குதிக்கிறது. மண்டபத்தைப் பாவிக்கத் தெரியாத ஒரு மலிவுப் பெட்டியைப் பாவிக்க இத்தனை பேர் இத்தனை ஆண்டு உழைத்திருக்கிறார்கள். அந்த வகைப் பெட்டி இன்றும் தென்கொரிய ஆலையில் தயாராகிறது, வடிவம் அதிகம் மாறவில்லை.

சொட்டை நீங்களே கேட்டுப் பார்க்க ஆசைப்பட்டால், முதலில் 'லெட்ஸ் கோ டிரிப்பின்' கேளுங்கள். அடுத்தே 'பாஹா'. காய்ந்ததும் நனைந்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். 'பைப்லைன்' கேட்கும்போது மெட்டை விட்டுவிட்டு, அடியில் ஓடும் கட்டையான மீட்டலின் வாலை மட்டும் கவனியுங்கள். அதற்குப் பிறகு மெர்மென். விலை உயர்ந்த ஹெட்ஃபோன் எதுவும் வேண்டாம். கீற்று முழுவதும் 4,000க்குக் கீழேதான் இருக்கிறது, சாதாரண இயர்ஃபோனே தாராளம்.